டெகுவின் பல்லும் கூண்டின் விளிம்பும்

தென்னமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில், ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கி நீளும் சிலி நாட்டின் நடுப்பகுதியில், குளிர்காலத்தில் மட்டும் மழை கண்டு கோடை முழுவதும் வறண்டு கிடக்கும் புதர்க்காடுகள் உள்ளன. அங்கு மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் சிறிய கொறிவிலங்கே டெகு. பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, பெரிய காதுகள், நுனியில் கருமயிர்க் குச்சம் கொண்ட வால் எனத் தோற்றத்தில் எலிக்கும் அணிலுக்கும் இடைப்பட்டதாகத் தெரியும் இவ்விலங்கு, உறவுமுறையில் அவ்விரண்டுக்கும் நெருங்கியதன்று. கினிப்பன்றியும் சின்சில்லாவும் அடங்கிய தென்னமெரிக்கக் கொறிவிலங்குக் கிளையைச் சேர்ந்தது. சிலியில் பிறந்து, இயேசு சபையினர் ஸ்பானியப் பேரரசிலிருந்து வெளியேற்றப்பட்டபோது இத்தாலியில் குடியேறிய துறவி ஹுவான் இக்னாசியோ மொலினா, 1782-இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டியபோது, அணில்களின் பேரினத்திலேயே இதனை வைத்தார். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்த சார்லஸ் டார்வின், சிலியின் நடுப்பகுதியில் வேலியோரங்களிலும் புதர்களிலும் இவை நூற்றுக்கணக்கில் பட்டப்பகலில் அச்சமின்றி மேய்வதையும், யாரேனும் நெருங்கினால் வாலை உயர்த்தியபடி வளைகளுக்கு ஓடுவதையும் கண்டு குறித்திருக்கிறார்.

ஆய்வகங்களின் வழியாகவும் விலங்குக் காட்சியகங்களின் வழியாகவும் பிற நாடுகளுக்குச் சென்ற டெகு, இன்று ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான் முதலிய நாடுகளில் வீட்டு வளர்ப்பு விலங்காக இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் கூண்டுகளோ வெள்ளெலிக்கும் முயலுக்கும் கிளிக்கும் செய்யப்பட்டவை; ஆகவே டெகு வளர்ப்போர் பலர், பழைய துணி அலமாரி, கண்ணாடிப் பேழை, மீன்தொட்டி, புத்தக அடுக்கு ஆகியவற்றை வாங்கி, அறுத்தும் துளைத்தும் வலை பதித்தும் தாமே கூண்டு செய்துகொள்கின்றனர். ஜெர்மனியில் இது கிட்டத்தட்ட ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கூண்டு சிறியதாயிருந்தால் அக்குறை பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆனால் கூண்டு எப்பொருளால் ஆனது, அப்பொருளின் விளிம்புகள் எங்கெங்கே வெளிப்பட்டு நிற்கின்றன என்பதில் வரும் குறை, சில வாரங்கள் கழித்தே, பலகையில் விழுந்த ஓட்டையாகவோ விலங்கின் குடலில் சிக்கிய நெகிழித் துண்டாகவோ தெரியவருகிறது. எனவே கூண்டின் அளவைக் கணக்கிடுவதற்கு முன், அதனுள் வாழப்போகும் உடலைப் புரிந்துகொள்வது தேவையாகிறது.

வளர்ந்த டெகுவின் எடை பெரும்பாலும் 170 முதல் 300 கிராம் வரை. தலையும் உடலும் சேர்ந்து 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை, வால் அதைவிடச் சற்றுக் குறைவு. இந்தச் சிறிய உடலில் கூண்டு செய்பவரை மிகுதியும் சோதிக்கும் உறுப்பு பல்லே. எலி, அணில் போன்ற கொறிவிலங்குகளில் முன்புறத்து வெட்டுப்பற்கள் மட்டுமே வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. டெகுவிலோ கடைவாய்ப் பற்களும் வேர் மூடாமல் இறுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கரடுமுரடான, சிலிக்கா நிறைந்த புல்லையும் இலையையும் மென்று தேய்வதற்கென்றே அமைந்த பற்கள் இவை. தேய்வு குறைந்தால் கடைவாய்ப் பற்கள் நீண்டு, கன்னத்தையும் நாக்கையும் குத்தி, விலங்கு உண்ண முடியாமல் மெலியும். வெட்டுப்பல்லின் முன்பக்கத்தில் மட்டும் இரும்புச் சத்தால் செம்மஞ்சள் நிறம் பெற்ற எனாமல் என்னும் கடினப் படலம் உண்டு. பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டைன் என்னும் பொருளால் ஆனது. மென்மையான பகுதி விரைந்து தேய, கடினமான பகுதி முனையாக எஞ்சுவதால், தச்சன் உளியைப் போல அப்பல் தன்னைத் தானே தீட்டிக்கொள்கிறது. கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் எனாமலின் இடம் ஏறத்தாழ 5. அலுமினியத்தின் இடம் 3-க்கும் கீழே. டெகு ஏன் அலுமினியத்தையும் சுரண்டிவிடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி இந்தப் பல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் கூண்டுக்கலையின் பாதி இதில் அடங்கியிருக்கிறது. கொறிக்கும்போது மேல் வெட்டுப்பற்கள் பொருளைப் பிடித்து நிறுத்த, கீழ் வெட்டுப்பற்கள் அதற்கு எதிராக நகர்ந்து செதுக்குகின்றன. இதற்குப் பொருளின் ஒரு பகுதியாவது வாய்க்குள் நுழைந்தாக வேண்டும். அகலமான, வழுவழுப்பான, சமதளமான பரப்பில் இரு பற்களுக்கும் பிடி கிடைப்பதில்லை. ஆகவே எவ்வளவு மென்மையான பலகையாயினும், அதன் நடுப்பரப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. விளிம்பு, மூலை, துளை, இணைப்பின் இடைவெளி, திருகாணி பதிந்த குழி ஆகிய இடங்களிலேயே அழிவு தொடங்குகிறது. ஒருமுறை தொடங்கிய பின், கொறித்த இடமே புதிய விளிம்பாகி வேலையை எளிதாக்குகிறது. ஐரோப்பிய அலமாரிகளின் பக்கப் பலகைகளில், தட்டுகளை வேண்டிய உயரத்தில் பொருத்துவதற்காக 32 மில்லிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். மனிதக் கண்ணுக்கு அவை வெறும் துளைகள். டெகுவின் கீழ்ப்பல்லுக்கோ அவை வாயில்கள். அலமாரியைக் கூண்டாக்குபவர் வலையையும் கதவையும் பற்றிச் சிந்திப்பதற்கு முன்பே இத்துளைகளை மரக்குச்சியாலோ உலோக மூடியாலோ அடைத்துவிடுவது முறை.

அலமாரிகளின் பலகை பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மலிவான அறைகலன்கள் மரத்துகளையோ மர நாரையோ பசையுடன் அழுத்திச் செய்த பலகைகளால் ஆனவை. மேலே மெலமைன் என்னும் கடினப் பிசின் படலம் ஒட்டப்பட்டிருக்கும். அப்படலம் சிறுநீரை உள்ளே விடாது, துடைக்க எளிது, பல்லுக்குப் பிடி தராது, இம்மூன்றும் நன்மைகளே. ஆனால் பலகையின் வெட்டுமுகத்தை மறைக்க ஒட்டப்படும் பட்டை மெல்லிய நெகிழியாலோ காகிதத்தாலோ ஆனது. அதைப் பிய்த்தெடுத்த பின் வெளிப்படும் துகள், யூரியா ஃபார்மால்டிஹைடு என்னும் பசையால் பிணைக்கப்பட்டது. அப்பசை ஈரம் பட்டால் மெல்லச் சிதைந்து, கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிச்சலூட்டும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடக்கூடியது. ஈரத்தில் பலகையும் ஊறிப் பொருமும். ஆகையால் இத்தகைய அலமாரியைப் பயன்படுத்துவதென்றால், உள்பக்கமாக வெளிப்படும் ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் எல் வடிவ உலோகப் பட்டையால் மூடுவது கட்டாயம். எவர்சில்வர் எனத் தமிழர் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகே இதற்குச் சிறந்தது. அலுமினியப் பட்டை மலிவு, அறுப்பதும் எளிது. தடித்ததாக இருந்தால் அதுவும் பல காலம் தாங்கும், ஆனால் அதன் முனைகளில் பல் பதிந்த கீறல்களை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

புதிதாகவே சட்டம் அடித்துச் செய்வோருக்கு, பூச்சு இல்லாத தேவதாரு வகை மரச்சட்டமும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ஒட்டுப்பலகையும் ஏற்றவை. ஒட்டுப்பலகையில் இவ்வகைக்குப் பயன்படும் பீனால் ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்தில் சிதைவது மிகக் குறைவு. மரம் எப்படியும் கொறிக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, எது கொறிபடலாம், எது கொறிபடக் கூடாது என்று பிரித்துவிடுவதே நல்ல வடிவமைப்பின் அடையாளம்: தட்டுகளும் சாய்பலகைகளும் ஓரிரு ஆண்டுகளில் மாற்றத்தக்க தேய்பொருள்கள், சட்டமும் தரையும் கதவும் நிலைபொருள்கள். இதனால் தட்டுகளை ஆணியடித்து நிலையாகப் பொருத்துவதைவிட, தாங்கிகளின்மேல் கழற்றத்தக்கதாக வைப்பதே மேல். வார்னிஷ், வண்ணம் ஆகியவற்றின் பாதுகாப்பு பற்றி வளர்ப்போரிடையே முடிவில்லாத விவாதங்கள் நடைபெறுகின்றன. கொறிபடும் பலகைக்கு எதுவும் பூசாமல் விடுவதே அவ்விவாதங்களுக்கெல்லாம் மலிவான தீர்வு.

சட்டத்தில் வலையை எப்பக்கம் பொருத்துவது என்பது சிறிய வினாவாகத் தோன்றினும் பெரிய விளைவுடையது. வலையைச் சட்டத்தின் வெளிப்புறம் அடித்தால், மரத்தின் நான்கு உள்விளிம்புகளும் விலங்கின் முன் திறந்து கிடக்கும். உட்புறம் அடித்தாலோ மரம் முழுவதும் வலைக்குப் பின்னே மறைந்துவிடும். ஆகவே வலை உட்புறமே இருக்க வேண்டும். அதன் வெட்டுமுனைகள் கால்களைக் கிழிக்காதவாறு தட்டையான உலோகப் பட்டையை மேலே வைத்து, திருகாணியும் வாஷரும் கொண்டு இறுக்க வேண்டும். கோழிக் கூண்டுகளுக்குப் பயன்படும் அறுகோண வலையின் கம்பி மெல்லியது, முறுக்கி இணைக்கப்பட்டது; டெகு அதைச் சில இரவுகளில் அறுத்துவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் பற்றவைக்கப்பட்ட சதுர அல்லது நீள்சதுர வலையே தேவை; கம்பியின் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், கண்ணின் அளவு 13-க்கு 25 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் இருப்பது வழக்கம். குட்டிகள் பிறக்கும் வாய்ப்பிருந்தால் இருபுறமும் 13 மில்லிமீட்டர் கொண்ட வலையே நல்லது, ஏனெனில் டெகுக் குட்டிகள் ஏறத்தாழ 90 நாள் கருவிலிருந்து, உடல் முழுவதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறந்து, விரைவிலேயே ஓடத் தொடங்கிவிடுகின்றன. தலை நுழையும் இடைவெளியில் அவற்றின் உடலும் நுழைந்துவிடும்.

இரும்புக் கம்பி துருப்பிடிக்காதிருக்க அதன்மேல் துத்தநாகம் பூசப்படுகிறது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும்போது சந்திப்புகளில் சிறு துளிகள் உறைந்து நிற்பதுண்டு. நாளடைவில் மேற்பரப்பில் வெண்ணிறப் பொடியும் படியும். இவற்றைக் கொறித்து விழுங்கும் விலங்குக்குத் துத்தநாக நஞ்சேறும் ஆபத்து உண்டு. பறவைக் கூண்டுகளில் இது நன்கறியப்பட்ட நோய். புதிய வலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வினிகர் கலந்த நீரில் கழுவி, மீண்டும் நல்ல நீரில் அலசிக் காய வைத்த பின் பொருத்துவது பறவை வளர்ப்போரிடமிருந்து டெகு வளர்ப்போர் கற்றுக்கொண்ட பழக்கம். எவர்சில்வர் வலைக்கு இத்தொல்லை இல்லை, விலைதான் கூடுதல்.

வலையைத் தரையாகப் பயன்படுத்தும் கூண்டுகள் இன்றும் விற்கப்படுகின்றன. கழிவு கீழே விழுந்துவிடும், துப்புரவு எளிது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். டெகுவின் உள்ளங்கால் மயிரற்றது, மென்மையானது. உடலின் எடை முழுதும் கம்பிகளின் குறுகிய பரப்பில் அழுந்தும்போது தோல் தடித்து, பிளந்து, கிருமி புகுந்து ஆறாத புண்ணாகிறது. இதன் முன் துப்புரவின் எளிமை ஒரு காரணமாகவே நிற்காது.

சிலியின் புதர்க்காட்டில் டெகுக்கள் ஓரிரு ஆண்களும் சில பெண்களுமாகச் சேர்ந்து ஒரே வளைத்தொகுதியில் வாழ்கின்றன; பெண்கள் ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. தோண்டுதலும் கூட்டு வேலையே. சிலி நாட்டு உயிரியலாளர்கள் லூயிஸ் எபென்ஸ்பெர்கர், பிரான்சிஸ்கோ போசினோவிச் ஆகியோர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கூட்டமாகத் தோண்டும் டெகுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று மண்ணைப் பின்னோக்கித் தள்ளிவிடுவதைக் காட்டியது. வளைவாயிலில் குச்சி, கல், புழுக்கை ஆகியவற்றைச் சேர்த்து மேடு கட்டும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. இத்தகைய விலங்குக்கு மூன்று விரல்கடை மரச்சீவலைப் பரப்பிவிட்டுத் தரை அமைத்துவிட்டதாகக் கருதுவது, உயிரியலைவிடக் கணக்குப் பார்க்கும் மனத்தையே காட்டுகிறது. 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமாவது இல்லாத தரையில் தோண்டல் என்பது கீறலாகவே முடிந்துவிடும்.

ஆழமான தரை வந்தவுடன் இரு சிக்கல்கள் உடன் வருகின்றன. முதலாவது எடை. ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட தரையை 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நிரப்ப 150 லிட்டர் பொருள் வேண்டும். வெறும் மரச்சீவலாயின் அது இலேசு, ஆனால் தோண்டிய வழி உடனே சரிந்துவிடும். வளை நிலைத்து நிற்க மண்ணும் உலர்புல்லும் சீவலும் அடுக்கடுக்காகக் கலக்கப்பட வேண்டும்; மண்ணின் பங்கு கூடக் கூட எடை ஏறி, முழுதும் மண்ணாகவே இருந்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். துணி தொங்கவிடுவதற்கென்று செய்யப்பட்ட அலமாரியின் அடிப்பலகை இதைத் தாங்காது. கீழே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, தரையோடு தரையாக அமர்த்த வேண்டும். இரண்டாவது, பக்கச் சுவர். ஆழமான நிரப்பலைத் தாங்கி நிற்கும் சுவர் வலையாக இருக்க முடியாது. மரமாக இருந்தால் ஊறும். இங்கேதான் மீன்தொட்டி பயன்படுகிறது. பழைய கண்ணாடி மீன்தொட்டியைக் கீழே வைத்து, அதன் வாயின்மேல் வலைக்கூண்டைப் பொருத்தும் முறை பிரிட்டனில் பெரிதும் பின்பற்றப்படுகிறது; கண்ணாடியில் பல் பதியாது, சிறுநீர் ஊறாது, வளைகள் சுவரோரமாக அமையும்போது அவற்றின் உட்புறமும் தெரியும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ எடை உடையது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கண்ணாடித் தொட்டி மட்டுமே கூண்டாகிவிடாது. வறண்ட நிலத்தில் நீரைச் சேமித்து வாழ்வதற்கேற்ப டெகுவின் சிறுநீரகம் மிகவும் செறிந்த சிறுநீரையே வெளியிடுகிறது. அதிலுள்ள யூரியாவைத் தரையின் பாக்டீரியங்கள் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அம்மோனியா காற்றைவிட இலேசானதே எனினும், நான்கு பக்கமும் அடைபட்ட தொட்டியில் காற்று அசையாததால், அது தோன்றும் இடத்திலேயே, அதாவது விலங்கு மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. மேற்பகுதியில் இரு எதிரெதிர்ப் பக்கங்களிலாவது பரந்த வலைப்பரப்பு இருந்தால்தான் காற்று குறுக்காக ஓடும். அலமாரியைக் கண்ணாடிக் கதவுடன் அப்படியே பயன்படுத்த விரும்புவோர் அழகுக்காக இந்த ஒன்றையே பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றனர். தரைக்குச் சிடார் எனப்படும் மணமிக்க மரத்தின் சீவலைத் தவிர்க்க வேண்டும். அதன் நறுமண வேதிப்பொருள்கள் மூச்சுக்குழலை உறுத்துவதோடு கல்லீரல் நொதிகளின் செயலையும் மாற்றக்கூடியவை.

டெகுவின் இன்னொரு உறுப்பான வால், அமைப்பின் நுணுக்கங்கள் பலவற்றைத் தீர்மானிக்கிறது. பருந்தோ நரியோ வாலைப் பற்றினால், வாலின் தோல் உறையைப் போல உருவி வந்துவிட, விலங்கு தப்பி ஓடிவிடும். எஞ்சிய எலும்பையும் தசையையும் பின்னர் தானே கடித்து நீக்கிவிடும். பல்லிக்கு வளர்வதுபோல் அவ்வால் மீண்டும் வளர்வதில்லை. காட்டில் உயிர்காக்கும் இவ்வேற்பாடு கூண்டில் விபத்தாகிறது: கதவின் கீல் இடுக்கில், சக்கரத்தின் கம்பிகளுக்கிடையில், விரைந்து மூடும் பலகையின் கீழ் வால் அகப்பட்டால் அதே உருவல்தான் நிகழும். அதனால் கதவுகள் தாமாக அறைந்து மூடாதவையாகவும், கீல்பக்க இடைவெளி உலோகப் பட்டையால் மறைக்கப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். கதவு மேற்புறத்தில் இருப்பதைவிட முன்புறத்தில் இருப்பதே பொருத்தம். மேலிருந்து கீழே வரும் கை, கழுகையும் ஆந்தையையும் அஞ்சிப் பழகிய விலங்குக்கு வேட்டைப்பறவையின் நிழலாகவே படுகிறது. முன்கதவு பெரியதாக இருப்பது துப்புரவுக்கு நல்லது. ஆனால் திறந்த கணத்தில் தரையின் நிரப்பல் முழுதும் வெளியே கொட்டாதிருக்க, கீழே நிரப்பலின் உயரத்துக்கு நிலையான சுவர் விட்டு அதன்மேல் கதவு தொடங்க வேண்டும். தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, இவ்விலங்கின் அறிவைக் குறைத்து மதிப்பிடலாகாது: ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில், எட்டாத உணவைக் குப்பைவாரி போன்ற சிறு கருவியால் இழுத்தெடுக்க டெகுக்களுக்குப் பயிற்சி அளிக்க முடிந்ததை 2008-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. வெளியிலிருந்து மட்டும் இயக்கத்தக்க, இழுத்தால் நழுவாத கொண்டியே தேவை.

உயரம் பற்றிய மயக்கம் ஒன்றுண்டு. இரு டெகுக்களுக்கு ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் என்பதைக் கீழெல்லையாகக் கொண்டு தொடங்குவோர் பலர்; உயரம் கூடினால் இடமும் கூடிவிட்டது என்று கருதுவோரும் பலர். டெகு புதர்களின் தாழ்ந்த கிளைகளில் ஏறி இலை மேயக்கூடியது. ஆனால் அடிப்படையில் அது தரையில் ஓடும் விலங்கு, மரவாசி அன்று. ஆகவே நீளமே அதற்கு முதற்செல்வம். உயரம் இருக்குமானால், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக 30 சென்டிமீட்டர் அளவில் அடுக்கி, எங்கிருந்து தவறினாலும் அடுத்த தட்டே தாங்கும்படி மாற்றி மாற்றி அமைக்க வேண்டும்; ஒரு மீட்டர் நேர்வீழ்ச்சிக்கு எங்கும் வழி இருக்கக் கூடாது. ஆப்பிள், ஹேசல், வில்லோ மரங்களின் தடித்த கிளைகளைத் தட்டுகளுக்கிடையே குறுக்காகப் பொருத்தினால் அவை பாலமாகவும் பல்லுக்கு வேலையாகவும் ஆகும். யூ மரமும் அரளியும் நஞ்சு. மறைவிடம் ஒவ்வொன்றுக்கும் இரு வாயில் வேண்டும் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஒரே வாயிலுள்ள பெட்டிக்குள் பலவீனமான விலங்கைத் துரத்திச் சென்ற வலிய விலங்கு வாயிலை அடைத்து நின்றால், அங்கே காயம் தவிர வேறு முடிவு இல்லை.

கூண்டில் பொருத்தப்படும் பொருள்களுள் ஆராய்ச்சியாளரையும் வியக்கவைத்தது ஓட்டச்சக்கரம். டெகு பகலில் இயங்கும் விலங்கு. எலிகளும் சுண்டெலிகளும் இரவாடிகளாக இருக்கையில், மனிதரைப் போலப் பகலில் விழித்திருக்கும் கொறிவிலங்கு கிடைத்ததே உடற்கடிகாரத்தை, அதாவது உடலின் அன்றாட உறக்க விழிப்புச் சுழற்சியை ஆராய்வோர் இதை நாடியதற்குக் காரணம். ஆனால் கூண்டில் சக்கரம் வைத்தவுடன் சில டெகுக்கள் இரவில் ஓடத் தொடங்கிவிட்டன. சக்கரத்தை எடுத்தால் மீண்டும் பகலுக்குத் திரும்பின. மார்ட்டின் காஸ், டேல் எட்கர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தலைகீழ் மாற்றத்தை விவரித்தது. தீவிர ஓட்டத்தில் உடல் சூடேறுவதும், இரவின் குளிர்ச்சி அச்சூட்டைத் தணிப்பதும் இதில் பங்கு பெறுவதைப் பின்வந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. காட்டிலும் கோடை நண்பகலில் டெகுக்கள் வளைக்குள் ஒதுங்கி, காலையிலும் மாலையிலும் மட்டும் மேய வருவதை இதனோடு இணைத்துப் பார்க்கலாம். கூண்டு செய்பவருக்கு இதிலிருந்து கிடைப்பது இரட்டைச் செய்தி: கூண்டு இருக்கும் அறை குளுமையாக இருந்தால் பகலோட்டத்துக்கு இடமுண்டு, சக்கரத்தின் அச்சில் உராய்வு ஒலி இருந்தால், அது வீட்டார் உறங்கும் நேரத்திலேயே ஒலிக்கும் என எதிர்பார்க்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டரை ஒட்டியிருந்தால்தான் ஓடும்போது முதுகெலும்பு பின்னோக்கி வளையாது. ஓடுபரப்பு இடைவெளியற்ற தகடாக இருக்க வேண்டும், கம்பிப்படிகளாக அன்று. பொருள் உலோகமோ மரமோ ஆகலாம், நெகிழி ஆகாது. நெகிழித் துண்டுகள் செரிக்காமல் குடலில் அடைத்துக்கொள்வதால், தண்ணீர்க் குப்பியையும் கூண்டின் வெளியே தொங்கவிட்டு, எவர்சில்வர்க் குழாயின் முனை மட்டும் வலைக்குள் நீளும்படி செய்வதே வழக்கம்.

மணல்குளியலுக்கான பாத்திரம் சிறிய பொருளே எனினும், அது வெறும் தூய்மைக்கானதன்று. நுண்ணிய மணலில் புரண்டு மயிரின் எண்ணெய்ப் பசையை நீக்கும்போதே, டெகு தன் மணத்தையும் அதில் விட்டுச் செல்கிறது. முன்பு புரண்டது அறிந்த விலங்கா அந்நிய விலங்கா என்பதைப் பொறுத்து ஆண் டெகுக்கள் புரளும் விதமும் மாறுகிறது. சிறுநீரும் அவ்வாறே ஒரு செய்திப்பலகை. டெகுவின் விழித்திரையில் புறஊதா ஒளியை உணரும் கூம்பு உயிரணுக்கள் இருப்பதும், புதிய சிறுநீர் அவ்வொளியை மிகுதியாக எதிரொளிப்பதும், பழையதாகிக் காய்ந்த பின் அத்தன்மை குறைவதும் சிலி ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டப்பட்டுள்ளன. மனிதருக்கு ஒரே நிறமாகத் தெரியும் தட்டில், டெகுவுக்கு யார் எப்போது சென்றார் என்பதன் தடயங்கள் ஒளிர்கின்றன. எனவே கூண்டு முழுவதையும் ஒரே நாளில் கழுவித் துடைத்து, எல்லா நிரப்பலையும் மாற்றிவிட்டால், கூட்டம் தன் இடத்தையே இழந்ததுபோல் கலங்கி மீண்டும் எங்கும் சிறுநீர் தெளிக்கத் தொடங்கும். பகுதி பகுதியாகத் துப்புரவு செய்ய ஏற்றவாறு, தட்டுகள் தனித்தனியே கழன்று வருவதும் தரை இரு தொட்டிகளாகப் பிரிந்திருப்பதும் பயன்படுவது இதனால்தான்.

உணவுக்கும் கூண்டுக்கும் உள்ள தொடர்பு சுருக்கமானது, ஆனால் தவறினால் உயிருக்கே கேடு. டெகுவின் இன்சுலின் பிற பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து அமைப்பில் பெரிதும் வேறுபட்டு, ஆற்றல் குறைந்ததாக இருக்கிறது. சர்க்கரை மிகுந்த உணவு கிடைத்தால் விரைவில் நீரிழிவு தோன்றி, கண்வில்லையில் குளுக்கோசு சார்பிட்டாலாக மாறித் தேங்கி நீரை உறிஞ்சுவதால் கண்புரையும் தொடரும். தேனாலும் வெல்லப்பாகாலும் ஒட்டிய தானியக் குச்சிகள், உலர்பழம் பதித்த கொறிபொருள்கள் என வெள்ளெலிக்கும் கிளிக்கும் விற்கப்படும் கூண்டு அலங்காரங்கள் எதுவும் டெகுவின் கூண்டில் இடம்பெறலாகாது. அலங்காரமாக உலர்புல்லையே பயன்படுத்தலாம்: கம்பிக்கூடையை வலையின் வெளிப்புறம் மாட்டி, கண்களின் வழியே டெகு ஒவ்வொரு தாளாக இழுத்துத் தின்னும்படி அமைத்தால், பல் தேயவும் நேரம் போகவும் வழியாகிறது.

கூண்டு நிற்கும் இடம் நேர் வெயில் படாததாக இருக்க வேண்டும். கண்ணாடியுள்ள கூண்டில் வெயில் பட்டால் வெப்பம் உள்ளேயே சிறைப்பட்டு, 30 டிகிரி செல்சியசைத் தாண்டிய நிலையில் ஒதுங்கக் குளிர்ந்த வளையும் இல்லாத விலங்கு மயங்கி விழும். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருந்தால் கூட்டம் அஞ்சாது.

தனித்து வாழ முடியாத விலங்காதலால், ஒன்று இறந்தபின் எஞ்சியதற்குத் துணை சேர்க்கும் தேவை பெரும்பாலான கூண்டுகளில் ஒருநாள் வரும். அறிமுகமில்லாத இரு டெகுக்களை நேரடியாக ஒன்றாக விட்டால் கடும் சண்டை மூளும். ஆகவே கூண்டைக் கட்டும்போதே நடுவில் வலைத்தடுப்பு ஒன்றைச் செருகுவதற்கான பள்ளமும், இரு பாதிகளுக்கும் தனித்தனிக் கதவும் விட்டுவைப்பது முன்யோசனை. தடுப்பின் இருபுறமும் இருந்து ஒன்றையொன்று பார்த்தும் முகர்ந்தும் பழகும் விலங்குகளை, சில நாள்களுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, ஒன்றின் மணல்தட்டை மற்றொன்றுக்குக் கொடுத்து, தடுப்பை ஒட்டி இரண்டும் அருகருகே உறங்கத் தொடங்கிய பின்னரே தடுப்பை உருவ வேண்டும். இரண்டு அடுக்கு வலையாகத் தடுப்பைச் செய்தால், இடைவெளியின் வழியே மூக்கையோ விரலையோ கடித்துக்கொள்ள இயலாது. பழகிவிட்ட கூட்டம் ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உறங்குவதால், உறங்கும் பெட்டியின் உள்தரை மூன்று நான்கு விலங்குகளுக்கு 30-க்கு 20 சென்டிமீட்டராவது இருப்பதும், நோயுற்றதைக் கலைக்காமல் பார்க்க அதன் மேல்மூடி திறப்பதும் போதுமானது.